வேர்க்கால் டீச்சர் பிடுங்கிய கரும்புக் கட்டை

பாகூர்ப் பக்கத்தில் தலைமுடியைப் பற்றி வாய்தவறிப் பேசிவிட்டு வேர்க்கால் டீச்சரிடமிருந்து தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. எங்கள் பள்ளியில் அவள் விலங்கியல், நான் கணக்கு.

ஒருநாள் என் டிபன் பாக்ஸில் ஒரு முடி. எல்லோரும் முகம் சுளிக்க, அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "அடியில வெள்ளையா குமிழ் இருக்கு பாரு. ஆயுசு முடிஞ்சு தானா வுழுந்தது. வேர்க்கால்ல ஸ்டெம்செல்லுங்க தூங்கினு இருக்கும். அதுங்க முழிச்சாதான் அடுத்த முடி கிளம்பும்." நான் டிபனை மூடிவிட்டேன். அவள் அதைத் திறந்து சாப்பிட்டாள்.

டவுன் பஸ்ஸில் முன்சீட்டு வழுக்கைத் தலையரிடம், "கவலப்படாதீங்க சார், உங்க ஸ்டெம்செல்லுங்க சாகல, தூங்குது" என்று ஆறுதல் சொன்னாள். மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

பிறகு எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. கீமோவில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. நோயைவிட அதற்குத்தான் அதிகம் அழுதேன். இனி முளைக்காது, இந்தத் தலையோடு பிள்ளைகள் முன்னால் நிற்க முடியாது, வேலையை விட்டுவிடலாம் என்று முடிவுகட்டினேன்.

சேதி தெரிந்து ஸ்கூட்டரில் வந்திறங்கினாள். கையில் மண்ணோடு ஒரு கரும்புக் கட்டை, அறுத்தபின் நிலத்தில் நிற்கும் அடிக்கட்டை, எங்கள் வயலிலேயே பிடுங்கியது.

"இன்னாடி அழுவுற? வேகமா பெருகுற செல்லத்தான் மருந்து அடிக்கும். தூங்குறத பெரும்பாலும் வுட்டுரும். வெட்டின கரும்பு துளிர்க்கலையா? இதுவும் துளிர்க்கும், உனக்கும் துளிர்க்கும்."

வாசலில் நட்டுவிட்டுப் போனாள். தினமும் தண்ணீர் ஊற்றினேன். கட்டை காய்ந்து கருகிப்போனது. இருந்த கொஞ்சம் நம்பிக்கையும் அதோடு போயிற்று.

அவள் மறுபடி வந்தபோது, கரும்பிலேயே வளர்ந்த என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "கட்டைய எவனாவது புடுங்குவானா டீச்சர்? நிலத்துலயே வுட்டாதான துளிர்க்கும்!"

அவள் முகம் செத்துவிட்டது. என்னை ஸ்கூட்டரில் ஏற்றி, நேரே வயலுக்குக் கொண்டுபோனாள். அறுவடை முடிந்த கட்டைகளெல்லாம் பச்சைப் பசேலென்று துளிர்த்திருந்தன.

"அத நான்தான்டி புடுங்கினேன். உன்னுத யாரும் புடுங்கல." குரல் உடைந்திருந்தது. எனக்கு முளைக்காமல் போய்விடுமோ என்று அவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள்.

மருந்து முடிந்த சில வாரங்களில் பூனைமுடி அரும்பியது. கிராப்புத் தலையோடு வகுப்புக்குப் போனேன்.

இப்போது என் டிபனில் முடி கிடந்தால், அது என்னுடையதுதான். அவளைக் கூப்பிட்டு ஜன்னலில் காட்டாமல் எறிய எனக்கு மனம் வருவதில்லை.