நட்சத்திரம் காணாமல் போகும் விதம்

"யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள் வரவேற்பு மேசைப் பெண்.

அகராதிக்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மழைக்காலத்திலிருந்து அவன் அந்த அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறான். பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் அகராதிக்குச் சொல்விளக்கம் எழுதுகிறான். தினமும் அதே வாசலில், அதுவும் தலைமைப் பதிப்பாசிரியரின் காரிலேயே வந்து இறங்குகிறான். ஐயாவும் அவனும் ஒரே தெரு. அப்படியிருந்தும் அவன் முகம் யார் மனதிலும் ஒட்டவில்லை. ஏன் என்றுதான் புரியவில்லை.

வரவேற்பு மேசை போகட்டும். எதிர் மேசையில் மெய்ப்புப் பார்க்கும் பெண் இருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்து, பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துகளுக்கு நடுவே எங்கேயோ மிதந்துகொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமையோடு வேறு கிளைக்குப் போகிறாள். அதற்குள் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து தன்னைப் பார்த்துவிட்டால் போதும், மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம் என்று அவன் கனவு கண்டுகொண்டிருந்தான்.

"நீ மங்கலா இருக்கடா," என்றாள் அவனுடைய அக்கா. "பளிச்சுன்னு ஒரு சட்டை போடு."

மறுநாள் எலுமிச்சை மஞ்சளில் போனான். ஐயா கைகளை விரித்து, "வணக்கம், வணக்கம்!" என்று கூடமே அதிர நுழைந்தார். எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. பின்னால் வந்த மஞ்சளிடம் வரவேற்புப் பெண், "கூரியரா? பார்சலை அங்க வைங்க," என்றாள்.

"வாயைத் திறந்து பேசுடா!" என்றாள் அக்கா.

அடுத்த நாள் ஐயாவை முந்திக்கொண்டு உரக்க வணக்கம் சொன்னான். "வணக்கம் ஐயா!" என்று பதில் ஐயாவுக்குப் போனது.

"அவர் பையையாவது வாங்கிப் பிடி. கூட ஒரு ஆள் வர்றது தெரியட்டும்."

வியாழக்கிழமை வாங்கிப் பிடித்தான்.

"டிரைவர் அண்ணே, வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க."

போதாக்குறைக்கு, அன்று கையில் கிடைத்த சொல்லும் முரண்டு பிடித்தது: சூரியசார் உதயம். சில நட்சத்திரங்கள் வருடத்தில் சில வாரங்கள் கண்ணிலேயே படுவதில்லை. பிறகு ஒரு விடியற்காலையில் கிழக்கே மறுபடி முதன்முதலாகத் தெரிகின்றன. அந்த முதல் தோற்றத்துக்குத்தான் இந்தப் பெயர். சரி, இடையில் எங்கே போகின்றன?

மேசை விளக்கைச் சூரியனாக்கினான். செல்போன் சார்ஜரின் பச்சைப் புள்ளியை நட்சத்திரமாக்கி, மெல்ல மெல்ல விளக்கருகே நகர்த்தினான். புள்ளி கரைந்தது. அந்த வெளிச்சக் குளத்தில் அவனும் கொஞ்ச நேரம் கரைந்து கிடந்தான். பெருமூச்சு விட்டு எழுதினான்: 'நட்சத்திரம் சில வாரங்கள் மங்கிப்போய், பிறகு மீண்டும் பிரகாசமடைவது.'

தாள் எதிர் மேசைக்குப் போயிற்று. ஐயா மதியக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். அறை அமைதியாக இருந்தது. பென்சில் கீறும் சத்தம் கேட்டது. மெய்ப்புப் பெண் தாளோடு எழுந்து வந்தாள்.

"இது தப்பு," என்றாள். "அது மங்கவே இல்ல. எப்பவும் உள்ள வெளிச்சம் அப்படியேதான் இருக்கு."

"அப்புறம் ஏன் யாருக்கும் தெரியல?"

"சூரியன் கூடவே வருது, கூடவே போகுது. அந்தப் பக்கம் பாத்தா கண்ணு கூசுது. பக்கத்துல என்ன இருந்தாலும் தெரியாது."

"இன்னும் கொஞ்சம் பிரகாசமா ஆயிட்டா?"

"எவ்வளவுதான் ஆகும், பாவம்? சூரியனோட போட்டி போட முடியுமா?"

"அப்ப அது என்னதாங்க பண்ணணும்?"

அவள் தாளை மேசைமேல் வைத்தாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"நாளைக்கு ஐயா கார்ல வராதீங்க. அவர் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி பஸ்ல வாங்க. நான் அப்பவே வந்திருப்பேன்."