ஐஸ் கிடங்கில் இமயம்

சித்திரை வெயிலில், பாலக்கரை ஐஸ் கிடங்கின் வாசலில் நின்று குமாஸ்தா தைரியராஜ் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தார்.

எவரெஸ்டில் மனிதன் ஏறியதிலிருந்து அவருடைய கம்பெனிக்கும் மலை ஆசை வந்துவிட்டது. இமயமலை முகாமுக்கு ஓர் ஆளை அனுப்புவதாக முடிவு. பதினாலாயிரம் அடி உயரத்தில், பனியில், கூடாரத்தில் பத்து நாள்.

"திருச்சிக்காரன் அந்தக் குளிரைத் தாங்குவானாய்யா?" என்று மேனேஜர் சவரிநாதன் கேட்டுத் தொலைத்தார்.

"ஐஸ் கிடங்குல ரெண்டு மணி நேரம் இருந்து காட்டறேன் சார்!" என்று தைரியராஜ் சொல்லித் தொலைத்தார். தவறினால் அந்த இடம் பக்கத்து மேஜை பிலோமின்ராஜுக்கு.

கிடங்கு முதலாளி வீட்டிலிருந்து சாவி வந்துவிட்டது. ஸ்வெட்டர்களுக்கு மேல் யுத்தகாலத்து மிலிட்டரி ஓவர்கோட்டு, மஃப்ளர், குரங்குக் குல்லாய். கண் மட்டும் வெளியே தெரிந்தது.

"முடியலைன்னா வந்துடுங்க," என்றாள் மனைவி ரோசரி.

"முடியலையா? யார்கிட்ட பேசறே நீ?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூட வந்த ஆபீஸ்காரர்களும் ரோசரியும் எதிரே வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள்.

கால் மணி கழித்து பிலோமின்ராஜ் குரல் கொடுத்தார். "எப்படிண்ணே இருக்கு?"

"பல்லு தந்தியடிக்குது! தாங்கறேன்!"

"வெளிய வந்துடுங்களேன்!"

"அந்த ஆசையெல்லாம் வேணாம் தம்பி!"

மேனேஜருக்கு நெஞ்சு விம்மியது. "நம்ம ஆபீஸ் ஆளுய்யா!"

ஒரு மணி ஆனபோது, "காது மரத்துப் போச்சு..." என்று குரல் கம்மியது. ரோசரி பதறிப்போய்க் கதவிடுக்கில் கம்பளி ஒன்றைத் திணித்தாள். தைரியராஜ் அதையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

கெடு முடிந்து கதவைத் திறந்தார்கள். தைரியராஜ் நாலடி தள்ளாடி வந்து விழுந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. உடம்பெல்லாம் ஈரம்.

"பனி உருகி ஊத்துது பாருங்கய்யா!" என்றார் மேனேஜர். "ரத்தம் உறைஞ்சிடும், சூடேத்துங்க!"

ரோசரி இன்னொரு கம்பளி போர்த்தினாள். பிலோமின்ராஜ் கொதிக்கக் கொதிக்கச் சுக்குக் காப்பி புகட்டினார். தைரியராஜுக்குக் கண் செருகியது.

"இன்னும் பத்தலை. வெயில்ல இழுத்துப் போடுங்க!"

போட்டார்கள்.

"இமயம்... எனக்குத்தானே சார்?" என்று முனகல் வந்தது.

"உமக்கேதான்யா! இனிமே அது உம்ம வீட்டுக் கொல்லை!"

கூட்டம் கைதட்டியது. ரோசரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிலோமின்ராஜ்கூடத் தட்டினார்.

ஃபிட்டரை அழைத்துக்கொண்டு அப்போதுதான் வந்த கிடங்கு வேலையாள் மருதை, கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்து அலறினான்:

"ஐயையோ, மொதல்ல கம்பளியை உருவுங்க! மெஷின் படுத்து நாலு நாளாச்சு, ஐஸெல்லாம் உருகி உள்ள வெறும் உமிதானுங்க கெடக்கு!"