அண்ணன் போட்ட நியாய விலை

உலகத்தில் நியாயத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு உண்டு. நியாயமான விலைக்கு அதைவிடப் பெரிய தட்டுப்பாடு. பழைய வண்டிகளின் நியாயமான விலையை அறிந்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அந்த விரல்களில் கட்டைவிரல் நான். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு வாகன மதிப்பீட்டு அலுவலகத்தில். பழைய வண்டி வாங்க வங்கியில் கடன் கேட்பவர்கள் அந்த வண்டியோடு எங்களிடம் வர வேண்டும். அது என்ன பெறும் என்று நாங்கள் எழுதிக் கொடுப்போம். வங்கி அதை நம்பிக் கடன் கொடுக்கும்.

எங்கள் முறை முழுக்க 'அறிவியல்பூர்வமானது'. முதலில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவேன். பிறகு டயருக்கு ஓர் உதை. "டயரை உதைச்சா என்ன சார் தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா உங்களுக்கு பயம் வரும்" என்றேன். அடுத்து நாக்கைத் தட்டி ஒரு 'ப்ச்'. ஒவ்வொரு 'ப்ச்'சுக்கும் விலையில் ஒரு துண்டு விழும். சிறிது நேரத்தில் வந்தவர் தானாகவே, "வண்டி கொஞ்சம் பழசுதான் சார்" என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிடுவார். 'காலத்தால் முதிர்ந்தது, பழுதுகளால் தளர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வண்டியில் வந்தவர்கள், போகும்போது அதில் ஏறவே கூச்சப்படுவார்கள்.

இப்பேர்ப்பட்ட எனக்கும் சொந்தமாக ஒரு கார் உண்டு. அதன் டிரைவர் பக்கக் கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். ஆகவே நான் எங்கே போய் இறங்கினாலும் யாராவது ஓடிவந்து கதவைத் திறந்துவிட வேண்டும். இந்த மரியாதை பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். மேட்டில் ஏற வேண்டுமானால் என் மனைவி இறங்கி நடக்க வேண்டும். நடந்து முதலில் போய்ச் சேர்வதும் அவள்தான்.

இந்தக் காரைத்தான் என் தங்கை கேட்டு வந்தாள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கைகால் பயிற்சி கொடுப்பது அவள் தொழில். வேலையில்லாமல் ரொம்ப நாள் அலைந்தவளுக்கு அப்போதுதான் ஓர் இடம் கிடைத்திருந்தது. சொந்த வண்டி இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"வெளியில வாங்கினா ஏமாத்திடுவாங்கண்ணா. உங்க காரையே குடுத்துடுங்க. விலையையும் நீங்களே நியாயமா பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நம்பிக்கை வைத்திருப்பவளுக்கு ஏனோதானோவென்று ஒரு விலையைச் சொல்லிவிட முடியுமா? உடனடியாக எங்கள் வீட்டுக் கூடத்தில் 'குடும்ப விலை நிர்ணயக் கூட்டம்' கூட்டப்பட்டது. தலைவர் நான். உறுப்பினர் என் மனைவி. 'பயனாளி' என் தங்கை.

"முதல்ல கியர் பாக்ஸ். போன வருஷம் புதுசா மாத்தினேன். அந்தச் செலவைச் சேர்க்கணும்" என்று ஆரம்பித்தேன்.

"மாத்தின கையோட மறுபடியும் கெட்டுப்போச்சே?" என்றாள் மனைவி.

"அதனால மறுபடியும் மாத்தினேன். அதையும் சேர்க்கணும்."

"ஏங்க, ரிப்பேர் ஆக ஆக விலை குறையும்னுதானே ஆபீஸ்ல எழுதுவீங்க?"

"அது அடுத்தவங்க வண்டி. அடுத்தவங்க வண்டியில ரிப்பேர்னா அது குறை. நம்ம வண்டியில ரிப்பேர்னா அது முதலீடு."

"இப்ப கிளட்ச் வேற வழுக்குது. அது என்ன கணக்கு?"

"நல்லவேளை ஞாபகப்படுத்தினே! புது கிளட்ச் போட்டுட்டா வண்டியே புதுசு மாதிரி ஆயிடும். அந்த மதிப்பையும் இப்பவே சேர்த்துடலாம்."

"புது கிளட்ச்சை யாருண்ணா போடுவாங்க?" என்று தங்கை கேட்டாள்.

"நீதாம்மா. உன் வண்டிதானே!"

உறுப்பினர் சமையலறைக்கு வெளிநடப்புச் செய்தார். தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது. நான் அறிவித்த விலை, அதே கார் புதிதாக வந்தபோது விற்ற விலையைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்திருந்தது.

தங்கை அந்த விலையை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா" என்று சாவியை வாங்கிக்கொண்டு வங்கிக் கடனுக்கு அலையப் போனாள். அப்போது என் நெஞ்சில் ஏதோ சுருக்கென்று குத்தியது. வாயுவாக இருக்கும் என்று வெந்நீர் குடித்தேன்.

அந்த வாரமே வங்கி அவளை மதிப்பீட்டுக்கு அனுப்பியது. எங்கள் அலுவலக வாசலில் இடது பக்கம் திரும்பி, ஊரைக் கூட்டும் ஹாரனோடு என் கார் உள்ளே வந்தது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "உங்க தங்கச்சியா? அப்ப இதை வேற யாராவது பார்க்கட்டுமே."

"கடமைன்னு வந்துட்டா எனக்குத் தங்கச்சியும் கிடையாது, தம்பியும் கிடையாது சார்" என்றேன்.

வீட்டில் சொன்ன விலையை இங்கேயும் நானே எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எனக்கு இருந்ததாக யாராவது சொன்னால் அது அபாண்டம். கொஞ்சம்தான் இருந்தது.

ஆனால் தொழில் ரத்தத்தில் ஊறிவிட்டதே! கால் தானாகப் போய் டயரை உதைத்தது. சக்கரத்தின் மூடி கழன்று உருண்டு ஓடியது. நாக்கு தானாக 'ப்ச்' என்றது. மறுபடியும் 'ப்ச்'. கிளட்ச்சை மிதித்துப் பார்த்ததும் நிறுத்தவே முடியவில்லை. கை தானாக எழுதியது. எழுதிய பிறகு பார்த்தால், வீட்டில் சொன்னதில் கால் பங்கு. மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததற்கும் என் நேர்மைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"சொந்தத் தங்கச்சிக்குக்கூடச் சலுகை காட்டலியே! உங்களாலதான் இந்த ஆபீசுக்கே நல்ல பேரு" என்று அவர் என் தோளில் தட்டினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

காருக்குப் பக்கத்தில் தங்கை மதிப்பீட்டுத் தாளோடு நின்றிருந்தாள்.

"இந்த விலைக்குத்தான் பேங்க்ல கடன் தருவாங்கண்ணா. திங்கக்கிழமைக்குள்ள வண்டி இல்லன்னா அந்த வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நீங்களே எழுதின விலைதானே? இதுக்கே குடுத்துடுங்களேன்."

நான் அவள் தலையை ஆதரவாகத் தடவினேன். "அது ஆபீசர் எழுதின விலைம்மா. வீட்ல சொன்னது அண்ணன் சொன்ன விலை. ரெண்டையும் போட்டுக் குழப்பினா, பாசத்துக்கு என்ன மதிப்பு இருக்கு?"

அவள் தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். கார் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் அவளே மூடினாள்.

"காருக்கு இந்தக் கால் பங்குதான் விலைன்னா, மிச்ச முக்கால் பங்கு நான் உங்களுக்குத் தங்கச்சியா பொறந்ததுக்காண்ணா?"