டென்மார்க்காரனுக்குக் குத்தப் பழக்கியவர்

உலகத்தில் குத்துச்சண்டைக்காரர் இரண்டு வகை. முதல் வகையினர் கயிறு கட்டிய மேடையில் ஏறி, கையுறை மாட்டி, மூக்கு உடைந்து, கண் வீங்கி, சில நேரம் வென்றும் சில நேரம் தோற்றும் வீடு திரும்புகிறவர்கள். இவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிக்கொள்ளும், நமக்கு வேண்டாம். இரண்டாம் வகையினர் கதிரையில் இருந்தபடி குத்துகிறவர்கள். இவர்கள் இதுவரை ஒரு சண்டையிலும் தோற்றதில்லை.

இப்படி ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளையாட்டு வேறாக இருக்கலாம்; ஆள் ஒன்றுதான். தொலைக்காட்சிக்கு எதிரே, கதிரையின் நுனியில், ஒரு கையில் தேநீரும் மறு கையில் உலகத்தின் தலைவிதியுமாக உட்கார்ந்திருப்பார். திரையில் ஒருவன் குனிந்தால் இவரும் குனிவார். அவன் குத்தினால் இவருடைய முழங்கை பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இறங்கும். அந்த விலா பெரும்பாலும் என்னுடையது.

எங்கள் கட்டடத்தின் கதிரைச் சாம்பியன் பேரின்பநாதன் அண்ணை. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் இருப்பது மூன்று மாடிக் கட்டடம். நடு மாடியில் அவரும் மனைவி ஞானாம்பிகை அக்காவும், அவர்களுக்கு மேலே நான். அண்ணை புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வெளிப்படிக்கட்டில் ஏறும்போது பாதியில் நின்று, வானிலையைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்குவார். குத்துச்சண்டைக் கையுறையைத் தொட்டுப் பார்த்ததே கிடையாது. குளிருக்குப் போடும் கையுறையிலேயே ஒன்றைத் தொலைத்துவிட்டு மற்றதை மட்டும் மாட்டிக்கொண்டு திரிகிறவர்.

ஆனால் டென்மார்க்கின் உலகச் சாம்பியன் யெஸ்பர் லிண்டகோரை உருவாக்கியவர் அவர்தான். சந்தேகம் இருந்தால் அவரையே கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அண்ணையின் மச்சான் இரவிச்சந்திரன் டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்தில் இருக்கிறார். அவருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டுக்கு அண்ணை போயிருந்தபோது, வீட்டில் பெண்களின் கூட்டம் தாங்காமல் மச்சானும் அவரும் பக்கத்து விளையாட்டு மண்டபத்துக்குத் தப்பி ஓடினார்கள். அங்கே உள்ளூர்க் குத்துச்சண்டை நடந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலை பழகிக்கொண்டிருந்த, காது இரண்டும் விரிந்த ஒரு மெலிந்த பையன் தொழில்முறைச் சண்டைக்காரனாக அன்றுதான் முதன்முதலில் மேடையேறினான். அவன்தான் யெஸ்பர்.

"அண்டைக்கே சொன்னனான். உவன் உலகச் சாம்பியனா வருவான் எண்டு. மச்சானைக் கேட்டுப் பாருங்கோ."

ஒருநாள் தொலைபேசியில் நான் மச்சானைக் கேட்டே விட்டேன். "ஓம், சொன்னவர்தான்," என்றார் இரவிச்சந்திரன். "ஆனா மற்றவனைக் காட்டியெல்லோ சொன்னவர்."

அந்த மற்றவன் இப்போது ஹேர்னிங்கில் சமையலறை அலுமாரி விற்கிறானாம்.

அண்ணை இதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. யெஸ்பர் வெல்ல வெல்ல இவரும் வளர்ந்தார். யெஸ்பர் ஐரோப்பியப் பட்டத்தை வென்றபோது அண்ணை வேலைத்தலத்தில் எல்லோருக்கும் தேநீரோடு தின்ன றோல்ஸ் கொடுத்தார். உலகப் பட்டத்தை வென்றபோது கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டதற்குச் சற்றும் தயங்காமல் "உத்தரட்டாதி" என்றார். உலகச் சாம்பியன் என்றால் ஒருவன்தானே இருக்க முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். குத்துச்சண்டையில் அப்படி இல்லை. நான்கு அமைப்புகள், நான்கு இடுப்புப் பட்டிகள், ஒரே எடையில் நான்கு உலகச் சாம்பியன்கள். வேறு யாருக்காவது இதை விளக்குவது கஷ்டம். மொன்றியல் தமிழருக்கு விளக்கவே தேவையில்லை. நாங்கள் ஒரே ஊருக்கு நான்கு சங்கம் நடத்துகிறவர்கள்.

கோபன்ஹேகனில் இரவுச் சண்டை என்றால் இங்கே சனிக்கிழமை மத்தியானம். அண்ணை என்னைக் கூப்பிடுவார். சண்டை பார்க்க அல்ல. அவர் சண்டை பார்ப்பதை நான் பார்க்க. மணி அடித்ததும் தொடங்கும்: "இடது! இடதாலை குடு! விலகு! ஏன்ரா விலகேல்லை? கையைத் தூக்கு! வயித்திலை! வயித்திலை குத்தடா எண்டால்!" யெஸ்பர் வயிற்றில் குத்தினால், "பாத்தீரோ, கேக்கிறான்" என்று என் பக்கம் திரும்புவார். குத்தாவிட்டால், "நீர் குறுக்கை கதைச்சபடியால் வந்த வினை" என்பார். நான் வாய் திறந்தே இருக்க மாட்டேன்.

இந்த வகையினரின் இலக்கணத்தையும் கவனியுங்கள். வென்றால் "வெண்டிட்டம்." தோற்றால் "தோத்திட்டான்."

ஜெர்மனியில் யெஸ்பர் முதன்முறை தோற்ற நாளை நான் மறக்க மாட்டேன். ஏழாம் சுற்றில் இடது கை கீழே இறங்கியது; எதிராளியின் வலது கை உள்ளே நுழைந்தது; யெஸ்பர் விழுந்தான். அண்ணை கதிரையில் இருந்து பாய்ந்து எழுந்ததில் தேநீர் முழுவதும் கம்பளத்தில்.

"எழும்படா! எழும்பு! இதென்ன விழுகிற அடியே? எழும்பி நிண்டு குத்தடா!"

யெஸ்பர் எழும்பினான். மறுபடி விழுந்தான். மறுபடியும் எழும்பினான். நடுவர் சண்டையை நிறுத்தினார்.

"இடது கையைத் தூக்கு தூக்கெண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"ஆருக்குச் சொன்னனீங்கள்?" என்று துணியோடு வந்தார் ஞானாம்பிகை அக்கா. "அது ரீவி அப்பா. இஞ்சாலை காலை எடுங்கோ, துடைக்க."

அதன்பிறகு யெஸ்பருக்குக் கையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இனி அவ்வளவுதான் என்று ஐரோப்பா முழுவதும் எழுதிய பிறகு, திரும்பி வந்து அதே பட்டத்தை அதே எதிராளியிடமிருந்து பறித்தான். டென்மார்க் கொண்டாடியது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நடு மாடியும் கொண்டாடியது. யெஸ்பரின் முகநூல் பக்கத்தில் தான் தொடர்ந்து எழுதிவந்த ஆலோசனைகள்தான் காரணம் என்றார் அண்ணை. பதில் வந்ததா என்று கேட்டேன். "பதில் போட்டால் எதிராளிக்குத் தெரிஞ்சிடுமெல்லோ."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அந்தச் செய்தி வந்தது. யெஸ்பர் லிண்டகோர் மொன்றியலுக்கு வருகிறான். எங்கள் கெபெக் மாகாணத்தின் செல்லப் பிள்ளை ஒருவன், யெஸ்பரைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், பட்டத்துக்காக அவனோடு மோதப்போகிறான்.

சண்டை நடக்கும் வாரத்தில், ஜான்-டலோன் சந்தைக்கு அருகில் ஒரு பயிற்சிக்கூடத்தில் பொதுமக்கள் முன்னால் யெஸ்பர் பயிற்சி செய்வான் என்று அறிவித்தார்கள். மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை போல உடுத்திக்கொண்டு அண்ணை புறப்பட்டார். நானும் அக்காவும் பின்னால். யெஸ்பர் பயிற்சியை முடித்து, வியர்வை சொட்டச் சொட்ட, ரசிகர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் முறை வந்தது. எல்லோரும் கைகொடுத்து நகர்ந்த இடத்தில் அண்ணை ஊன்றி நின்றார். தன்னுடைய ஆங்கிலத்தில் தொடங்கினார்: ஜெர்மனியில் நடந்தது சரியில்லை, ஏழாம் சுற்றில் இடது கையைக் கீழே விட்டிருக்கக் கூடாது.

யெஸ்பரின் மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. அவன் அண்ணையைப் பொறுமையாகப் பார்த்தான். "உண்மைதான். மூன்றாம் சுற்றிலேயே அந்தக் கை உடைந்துவிட்டது. அதற்குமேல் தூக்க முடியவில்லை."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று பார்ப்பார்கள். கதிரைச் சாம்பியனை நீங்கள் இன்னும் சரியாக அறியவில்லை. அண்ணை ஒரே ஒரு கணம் யோசித்து, அதே ஆங்கிலத்தில் சொன்னார்:

"அப்ப வலதைப் பாவிச்சிருக்க வேணும்."

யெஸ்பர் வாய்விட்டுச் சிரித்தான். கூட வந்தவர்களுக்கு டேனிஷ் மொழியில் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். "எனக்கு ஆயிரம் பேர் இப்படி எழுதுகிறார்கள். முகத்துக்கு நேரே வந்து சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்," என்றான். பிறகு தன் உதவியாளரைக் கூப்பிட்டு, தன்னுடைய மூலைக்குப் பின்னால் மூன்று இருக்கைகளை எங்களுக்கு ஒதுக்கச் சொன்னான். "வீட்டிலிருந்து சொன்னால் எனக்குக் கேட்காது. பக்கத்தில் வந்து சொல்லுங்கள்."

அந்த வாரம் முழுவதும் அண்ணையின் கால் நிலத்தில் படவில்லை. டேனிஷ் கொடி வாங்க அலைந்தார். கிடைக்காமல், சிவப்புத் துணியில் அக்காவைக் கொண்டு வெள்ளைச் சிலுவை தைப்பித்தார். "நாப்பது வரியமா நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுப்போட்டு இப்ப சிலுவை தைக்கிறன்," என்று அக்கா முணுமுணுத்தபடியே நேராகத் தைத்து முடித்தார்.

சண்டை தொடங்கியது. மேடைக்கு அவ்வளவு பக்கத்தில் நாங்கள் யாரும் இருந்ததில்லை. அண்ணை முதல் சுற்றில் வழக்கம்போலக் கத்தினார். "இடது! இடது! விலகு!" இரண்டாம் சுற்றில் கெபெக் பையனின் குத்தொன்று யெஸ்பரின் விலாவில் இறங்கியது.

தொலைக்காட்சியில் அந்தச் சத்தம் வராது. அறிவிப்பாளர் கதைப்பார், சனம் கத்தும், நமக்குப் படம் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருந்தால் கேட்கும். மாமிசக் கடையில் பலகைமேல் இறைச்சியைப் போடுகிற சத்தம். அதற்குப் பின்னால் ஒரு மனிதன் தன்னை அறியாமல் விடுகிற முனகல். அண்ணையின் "இடது" பாதியில் நின்றது. அடுத்த குத்துக்கு யெஸ்பரின் வியர்வையும் இரத்தமும் எங்கள் பக்கம் தெறித்தன. அண்ணை தன் சட்டைக் கையைப் பார்த்தார். துடைக்கவில்லை.

மூன்று, நான்கு, ஐந்து. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுற்றுகளுக்கு இடையில் யெஸ்பர் மூலைக்கு வந்து முக்காலியில் சரிந்தபோது அவனுடைய முதுகு ஏறி இறங்குவது எங்களுக்கு இரண்டு கை தூரத்தில் தெரிந்தது. காதுகள் மட்டும் இன்னும் விரிந்தபடி. தலையில் நரை.

"ஏனப்பா பேசாமல் இருக்கிறியள்?" என்றார் அக்கா. "நெஞ்சுக்கை ஏதும் செய்யுதோ?"

அண்ணை இல்லையென்று தலையாட்டினார்.

எட்டாம் சுற்றில் யெஸ்பர் விழுந்தான். முழுதாக விழவில்லை; ஒரு முழங்காலில், எங்களுக்கு நேரே, கையுறையை நிலத்தில் ஊன்றியபடி. நடுவர் எண்ணத் தொடங்கினார். மண்டபமே எழுந்து நின்றது. கெபெக் சனம் ஆரவாரிக்க, டென்மார்க்கில் இருந்து வந்திருந்த சிறு கூட்டம் தங்கள் மொழியில் எழும்பு எழும்பு என்று கதறியது. மொழி தெரியாவிட்டாலும் அது எனக்கு விளங்கியது. யெஸ்பர் கயிற்றைப் பிடித்துத் தலையைத் தூக்கினான்.

பேரின்பநாதன் அண்ணை கதிரையை விட்டு எழுந்தார். மேடைப் பக்கம் இரண்டு அடி போனார். காவலாளி மறித்தான். அவனுடைய தோளுக்கு மேலால் எட்டி, தொண்டை கிழியக் கத்தினார்:

"எழும்பாதை! எழும்பாதை ராசா! காணும், இரு! அப்பிடியே இரு!"

இவ்வளவு காலத்தில் அவர் யெஸ்பரை 'டா' போடாமல் 'ராசா' என்று கூப்பிட்டதை நான் அன்றுதான் கேட்டேன்.

யெஸ்பர் எழும்பவில்லை. பத்து எண்ணி முடியும்வரை முழங்காலிலேயே இருந்தான். பிறகு மெல்ல எழுந்து, வென்றவனைக் கட்டிப்பிடித்தான்.

மெட்ரோவில் திரும்பும்போது அண்ணை கொடியை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய கையைப் பிடித்திருந்தார்; பொது இடத்தில் அவர்கள் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. அடுத்து வந்த நாட்களிலும் நடு மாடியில் சத்தம் இல்லை. செய்தியில் பிரதமர் பேசியபோதுகூட அண்ணை திருத்தவில்லை. அக்கா பயந்துபோய் மேலே ஏறி வந்தார். "தம்பி, ஒருத்தரையும் பிழை சொல்லுறாரில்லை. சோத்துக்கு உப்புக் கூடினதுக்கும் பேசாமல் சாப்பிட்டார். டொக்டரிட்டைக் காட்டுவமோ?"

நான் கீழே போனேன். அந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சியில் யெஸ்பர் தோன்றினான். கண் ஒன்று மூடியிருந்தது. ஓய்வு பெறுகிறேன் என்றான். "எழும்பியிருக்கலாம். காலில் வலு இருந்தது. ஆனால் அந்த முழங்காலில் இருந்தபோது, போதும் என்று தோன்றியது. நல்ல முடிவு. இந்தக் கோடையில் என் மகளுக்கு நீந்தப் பழக்கப் போகிறேன்."

அண்ணை கண்ணைத் துடைத்தார். உண்மையாகவே துடைத்தார், அதில் கேலி செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. பிறகு மூக்கை உறிஞ்சினார். நிமிர்ந்தார். மெதுவாகக் கதிரையின் நுனிக்கு வந்தார். அவருடைய முகத்தில் பழைய களை ஏறுவதை நானும் அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கேட்டீரோ தம்பி? நான் சொன்னதைக் கேட்டவன்."

"தமிழிலையெல்லோ கத்தினனீங்கள்?" என்றார் அக்கா.

"ஹேர்னிங்கிலை எவ்வளவு தமிழ்ச் சனம் இருக்கு! அவனுக்கு விளங்காதே?" என்றவர், திரையை உற்றுப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அதுசரி, அந்தப் பிள்ளைக்கு நீச்சலை உவன் எப்பிடிப் பழக்கப் போறானோ தெரியேல்லை. முதல் மிதக்கவெல்லோ பழக்க வேணும்."

அக்கா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, தேநீர் போடப் போனார்.

அண்ணைக்கு நீந்தத் தெரியாது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதை வாசித்துக்கொண்டு வரும்போது, இந்த இடத்தில் இவன் இப்படி எழுதியிருக்கக் கூடாது, அந்தச் சண்டையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம், நானாக இருந்தால் வேறு மாதிரி முடித்திருப்பேன் என்று ஒரு தடவையாவது உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியிருக்கும். கதிரையில் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்காருங்கள், நுனிக்கு வந்துவிட்டீர்கள்.