முதலாளியைத் தேடிய புரோகிராம்

தன்னம்பிக்கைக்கு என்னிடம் என்றைக்கும் குறைச்சல் இருந்ததில்லை. அதற்கான காரணங்கள்தான் கொஞ்சம் குறைவு. (இன்றும் அப்படித்தான் என்கிறாள் மனைவி கௌரி.)

அப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். கௌரிக்குப் பக்கத்து மேசை. ஒரு கட்டடப் பொருள் வியாபாரிக்கு நான் எழுதிய புரோகிராம் தேறினால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் அவள் வீட்டில் தலைநிமிர்ந்து பெண் கேட்கலாம்.

ஊழியரின் பெயரைத் தட்டினால் தொலைபேசி எண் வரவேண்டும், அவ்வளவுதான். விபரங்கள் அவருடைய காங்கேசன்துறைக் கிளையின் சேர்வர் கணினியில் பாதி, பண்டத்தரிப்பில் மீதி. தன்னிடம் இல்லாத பெயரைக் கேட்டால் சேர்வர் இல்லையென்று முகத்தில் அடிக்காது; "அங்கே கேள்" என்று மற்றதன் முகவரியைத் தரும். நம்மூர் மரியாதைதான். என் புரோகிராமும் சொன்ன இடத்துக்கு ஓடிப்போய்க் கேட்கும்.

"கேட்ட இடத்திலையே திரும்பக் கேட்காமல் மறிச்சிருக்கிறியளோ?" என்றாள் கௌரி.

"என்ரை புரோகிராம் சளைக்காது. கிடைக்குமட்டும் கேட்கும்."

புரோகிராமைப் பார்க்க வந்த வியாபாரி முதலாளி தன் பெயரையே தட்டினார். அவர் பண்டத்தரிப்பில் என்றது காங்கேசன்துறை. காங்கேசன்துறையில் என்றது பண்டத்தரிப்பு. என் புரோகிராம் சளைக்கவேயில்லை. போய்க் கேட்டு, வந்து கேட்டு, கடைசியில் இரண்டு சேர்வர்களும் படுத்துவிட்டன. இரண்டு கிளைகளிலும் பில் போட முடியாமல் சீமெந்து வாங்க வந்த சனம் கத்தத் தொடங்கியது.

முதலாளியோடு வந்த கணக்காளர் மெல்லச் சொன்னார்: "உதிலை பிழையில்லை ஐயா. நாங்கள் உங்களைத் தேடினாலும் உப்பிடித்தான். அங்கை கேட்டால் இங்கையாம், இங்கை கேட்டால் அங்கையாம்."

முதலாளி சிரிக்கவில்லை. என் நிரந்தரம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. கேட்ட இடங்களை நினைவில் வைத்து, மறுபடி அதே இடத்துக்கு அனுப்பினால் நின்றுவிடும்படி அன்றே புரோகிராமைத் திருத்தினேன்.

நிரந்தரமாகாமலே பெண் கேட்கவும் போனேன். (சொன்னேனே, தன்னம்பிக்கை!) கௌரியின் அப்பா பேப்பரை விட்டு நிமிராமல், "தாயைக் கேளும் தம்பி" என்றார். தாயார் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போனேன். "நான் என்னத்தைச் சொல்ல? அவரைக் கேளும்" என்றார் அம்மா.

குசினி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ரண்டு பேரையும் கேட்டிட்டன் மாமி. இனி நகரமாட்டன்."

உள்ளே கௌரி வெடித்துச் சிரித்தாள். அவள் சிரிப்பில் அம்மாவும் சிரித்து, அப்பாவும் பேப்பரை மடித்து வைத்தார்.

இப்போது எங்கள் மகள் ஐஸ்கிறீம் கேட்டால் நான், "அம்மாவைக் கேள்" என்பேன். கௌரி, "அப்பாவைக் கேள்" என்பாள். மகள் குசினி வாசலில் காலை மடித்துச் சப்பாணி கட்டிக்கொண்டு குந்திவிடுவாள்.

"ரண்டு பேரையும் கேட்டிட்டன். இனி நகரமாட்டன்!"