பாண் ஓட்டோவில் போன மெமரி கார்ட்

"ஏன்டா நேற்று ஒரு புதினமும் அனுப்பேல்லை?" பாரிஸிலிருந்து யசிந்தா அக்கா விடியவே தம்பி எமில்ராஜிடம் போனில் சத்தம் போட்டாள்.

"போன் நிரம்பிப்போச்சு, அக்கா. கதைச்சுப் பதிய இடமில்லை."

"எதையாவது அழியன்."

"மகள் கோயில்லை முதல்நன்மை எடுத்த படமெல்லாம் கிடக்கு."

எமில்ராஜ் பேக்கரிப் பாணும் பணிசும் விற்கிற ஓட்டோவின் ஒலிபெருக்கியில் ஒரு மெமரி கார்ட் இருந்தது. மாதா பாட்டு போடுவதற்கு. அதைக் கழற்றிப் போனில் செருகி, போனில் இருந்ததையெல்லாம் அதற்கு மாற்றினான். இடம் வந்தது. கார்டைத் திரும்ப ஒலிபெருக்கியில் செருகிவிட்டுப் புறப்பட்டான்.

குருநகர் ஒழுங்கைக்குள் திரும்பும்போது மாதா பாட்டு முடிந்தது. அடுத்து அவன் குரல் வந்தது.

"அக்கா, உந்த றஜனி பத்துப் பணிசை அமத்திப் பாத்துத்தான் ஒண்டை எடுப்பா. என்ன, மாம்பழமே?"

அக்காவுக்குப் பதிந்து அனுப்பியவை எல்லாம் கார்டில் ஏறியிருந்தன. றஜனி பணிசுப் பெட்டிக்கு முன்னால்தான் நின்றாள். ஒரு மாதமாக அவள் எதையும் அமத்துவதில்லை.

அவன் அடுத்த பாட்டுக்கான பட்டனைத் தட்டினான்.

"பிலிப்பு அண்ணை கோயில்லை பாடினா, மாதா காதைப் பொத்துவா."

பிலிப்பு படலையைத் திறந்துகொண்டு வந்தார். எமில்ராஜ் மறுபடி தட்டினான்.

"டினேஸ் கிழிஞ்ச வலை பொத்தப் போறன் எண்டு பெண்சாதி ஜெசிதாவுக்குச் சொல்லிப்போட்டு, மீன்வாடிக்குள்ளை குறட்டை விடுறான்."

ஜெசிதா வாசலில் நிமிர்ந்தாள். அவள் காலடியில் குந்தியிருந்து டினேஸ் வலை பொத்திக்கொண்டிருந்தான்.

சத்தத்தைக் குறைக்கும் திருகியைத் திருகினான். அது கையோடு கழன்று வந்தது. கார்டைப் பிடுங்க விரலை விட்டான். அது இன்னும் உள்ளே போனது. கையில் பட்ட வயரை இழுத்தான். ஓட்டோ நின்றுவிட்டது. ஒலிபெருக்கி நிற்கவில்லை.

பாதி வியாபாரம் இந்த ஒழுங்கைதான். நாளைக்கு ஒரு படலையும் திறக்காவிட்டால் பாணையெல்லாம் அவன்தான் தின்ன வேண்டும்.

"அண்ணை, அது வந்து... சும்மா ஒரு பகிடிக்கு..."

"பொறு, கேப்பம்" என்றார் பிலிப்பு.

எல்லாரும் கேட்டார்கள். ஒருவரும் கோபிக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் பிலிப்பு கொட்டாவி விட்டார்.

"உதெல்லாம் பழசு, தம்பி. கொக்கா பாரிஸிலையிருந்து அண்டண்டைக்கே எங்களுக்கு அனுப்பிப்போடுவா. நேற்றுத்தான் ஒண்டும் வரேல்லை, உன்ரை போன் நிரம்பிப்போச்சாம். இப்ப இடம் வந்திட்டுதோ?"