ஒற்றை நட்சத்திரப் பஞ்சர் கடை

பெங்களூரில் கம்ப்யூட்டரை ஆண்டுவரும் அக்கா மகள் தனப்பிரியாவுக்கு, சங்ககிரி பைபாஸில் பஞ்சர் கடைச் சக்கரவர்த்தியாகிய உன் மாமன் மாதையன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் சௌக்கியம். கம்ப்ரசருக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது.

சாமி, இந்தக் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று காற்றடிக்கும் குழாயின் மேல் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

தையில் வந்தபோது நம் கடையைச் செல்போன் மேப்பில் ஏற்றிவிட்டு, "வர்ற டிரைவருங்களை ஸ்டார் போடச் சொல்லுங்க மாமா, யாவாரம் பிச்சிக்கிட்டுப் போகும்" என்றாய். எத்தனை என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க்தானே உசத்தி? ஆகவே எல்லோரையும் ஒன்று போடச் சொன்னேன். இருபது வருஷமாக என்னிடமே டயர் கழற்றும் டிரைவர் பொன்னன், "அண்ணனுக்கு ஒண்ணுதானுங்க, ரெண்டாவது எடமெல்லாம் எவனுக்கு வேணும்?" என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு போட்டான். எதிர்க்கடைச் சின்னண்ணன் ஆணியை உள்ளேயே விட்டுவிட்டு டியூபை ஒட்டுகிறவன். அவன் மேல் கடுப்பானவர்களோ, "இவனுக்குக் கடைசி எடம்டா" என்று அஞ்சு அஞ்சாகக் குத்தித் தள்ளினார்கள். மேப்பில் அஞ்சுதான் உசத்தி என்பது பிறகல்லவா தெரிந்தது! அவன் கடைக்கு நின்ற லாரி வரிசைக்குத் தலை இங்கே, வால் பவானியில். காஷ்மீரில் பஞ்சரான வண்டிகூட ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே அவனிடம் வந்து சேர்ந்தது. என் கடையில் நிறுத்திய ஒரே ஒரு புது டிரைவர் செல்போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏனுங்ணா, இத்தன மோசமான கடையாங்க இது?" என்று கேட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினான். நான் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வேண்டாதவன் ஒருவனும் என்னைக் கெடுக்கவில்லை சாமி, பிரியமானவர்கள் கூடிக் கெடுத்தார்கள். அந்த மேப்புக்கு எண்ணத் தெரிகிறது, "ஏன் போட்டே?" என்று கேட்கத் தெரியவில்லை. இன்னும் இரண்டு மாதம் இப்படிப் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். கடிதம் கண்டதும் கடையை மேப்பிலிருந்து எடுத்துவிடு.

நீ போகிற பாதையெல்லாம் ஆணியில்லாமல் இருக்க ஆசீர்வதிக்கும்,
மாதையன்

பி.கு.: எடுத்துவிடாதே. கடிதத்தை ஒட்டப்போகும்போது பொன்னன் வந்தான். சங்கதியைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவன், பிறகு டிரைவர் டிரைவராகப் போன் போட்டு, "அடேய், அண்ணனைக் கேவலப்படுத்திப்போட்டமடா, அஞ்சா மாத்துடா!" என்று சாயங்காலம் வரை கத்தினான். இப்போது நம் கடை ஸ்டார் நாலே முக்காலில் முட்டி நிற்கிறது. பவானி வரிசையும் காஷ்மீர் வண்டியும் புளுகுதான். ஆனால் மற்றவர்களுக்குச் செய்து காட்ட, முதல் ஒற்றை நட்சத்திரத்தை நம் கடைக்கு நானே என் கையால் போட்டது மட்டும் நிஜம். அதை அழிப்பது எப்படி என்று உடனே எழுது.